ஓட்டற் பதமும் வீட்டு அடுப்பும்: ஒம்லட் குறிப்புகள் பற்றிய ஒரு நோக்கு

தமிழிலே திறனாய்வு என்னும் முயற்சி கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் என்னும் எல்லைகளுக்குள்ளேயே பெரிதும் நின்றுவிட்டது. நாளாந்தம் பலராலும் வாசிக்கப்படுவதும், வாசித்தவர் உடனடியாகச் செயலில் இறங்க வேண்டியிருப்பதுமான உரைநடை வகை ஒன்று உண்டு. அது சமையற் குறிப்பு. பத்திரிகைகளின் பெண்கள் பகுதியிலும், நாட்காட்டித் தாளின் பின்புறத்திலும், மா, பால்மா முதலியவற்றின் உறைகளிலும் அச்சாகும் இவ்வுரைநடையை இலக்கியமென்று எவரும் கொள்வதில்லை. ஆதலால் அதன் மொழியை விசாரிப்பாரும் அரியர். ஆயினும் இதன் பொறுப்பு சிறிதன்று. பிழைபட்ட கவிதை வாசகனின் பொழுதைக் கெடுக்கும். பிழைபட்ட சமையற் குறிப்போ பொழுதோடு முட்டையையும் கெடுக்கும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து இலங்கையிலே முட்டையொன்றின் விலை 50 ரூபாவைத் தாண்டிச் சென்றதும், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டதும் நினைவிற் கொள்ளப்படுமாயின், மூன்று முட்டைகளை உடைத்து ஊற்றும்படி ஒருவரை ஏவும் எழுத்து எத்துணைக் கவனத்தோடு எழுதப்பட வேண்டியது என்பது புலனாகும்.

இக்குறிப்புகளுள் ஒரு வகை இவ்விடத்தில் எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ‘பஞ்சுபோன்ற ஒம்லட்: ஓட்டற் சுவையில் வீட்டிலேயே’ என்பது போன்ற தலைப்பில் வருவன அவை. இத்தலைப்பிலே ஒரு முரண் ஒளிந்துள்ளது. மாங்குளச் சந்தியிலோ வவுனியாவிலோ சாப்பாட்டுக்கடைகளின் பெயர்ப்பலகைகளை நோக்குபவர் ‘வீட்டுச் சாப்பாடு’ என்னும் தொடரை அடிக்கடி காண்பர். கடை, வீட்டைப் போல இருப்பதாகச் சொல்லி விற்கின்றது. வீட்டுக்கான குறிப்போ கடையைப் போலச் செய்வதாகச் சொல்லி வாசகியை அழைக்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று சுட்டி நிற்க, நடுவிலே உண்மையான அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருக்கின்றது. அவ்வடுப்பு எத்தகையது, அதன் முன் நிற்பவர் யார் என்ற வினாக்களைக் குறிப்பு எழுப்புவதில்லை.

வழமையான குறிப்பின் அமைப்பு யாவரும் அறிந்தது. முதலிலே தேவையான பொருட்கள்: முட்டை மூன்று, பால் இரண்டு மேசைக்கரண்டி, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள், உப்பு, எண்ணெய். அதன்பின் செய்முறை: முட்டையை உடைத்து ஊற்றி ஏனையவற்றைச் சேர்த்து நன்றாகக் கலக்கவும், தவாவைச் சூடாக்கி ஊற்றவும், திருப்பிப் போடவும், சூடாகப் பரிமாறவும். இவ்வளவே. பொருட்களின் பட்டியல் அளவோடும் ஒழுங்கோடும் அமைந்திருக்க, செயல்களைக் கூறும் பகுதி மூன்று நான்கு வரிகளில் ஒடுங்கிவிடுகின்றது. பஞ்சுபோன்ற தன்மை பொருட்களின் பட்டியலிலிருந்து வருவதன்று என்பதே இங்கு அடிப்படையான செய்தி. அதே முட்டை, அதே உப்பு, அதே எண்ணெயைக் கொண்டு தோல் போன்ற ஒம்லட்டையும் செய்யலாம், நுரை போன்றதையும் செய்யலாம். வேறுபாடு வினையிலே தங்கியுள்ளது. வினையைச் சொல்லவேண்டிய இடத்திலே குறிப்பு வாய்மூடிவிடுகின்றது.

‘கலக்கவும்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் நோக்கலாம். கலக்குதல், அடித்தல், கடைதல், துழாவுதல், கிண்டுதல் என்பன தமிழ் அடுக்களையிலே ஒன்றுக்கொன்று ஈடாகும் சொற்களல்ல. கலக்குதல் இரண்டை ஒன்றாக்குவது. கடைதல் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பது. தயிரிலிருந்து வெண்ணெய் அவ்வாறே வருகின்றது. அடித்தல் காற்றை உள்ளே புகுத்துவது. நத்தாருக்குக் கேக் செய்யும் வீடுகளில் முட்டை ‘அடிக்க’ப்படுகின்றதேயன்றிக் ‘கலக்க’ப்படுவதில்லை. வட்டிலப்பம் செய்யும் முஸ்லிம் பெண்களும் முட்டையை அடிக்கும் அளவைச் சொல்லாலே நுட்பமாக வேறுபடுத்துவர். இந்த வினைச்சொல் வளம் பேச்சிலே உயிரோடிருக்க, அச்சேறும் குறிப்பு யாவற்றுக்கும் ‘நன்றாகக் கலக்கவும்’ என்று எழுதிச் செல்வது மொழி வறுமை அன்று. மொழியின்மேல் உள்ள அசிரத்தையே. ‘நன்றாக’ என்பதும் பொருளற்ற அடை. எதுவரை நன்றாக? கோப்பையைச் சரித்தால் நுரை வழியாமல் நிற்கும்வரையா, கரண்டியைத் தூக்கினால் நுனியில் கூம்பு போல் எழுந்து மெல்ல வளையும்வரையா? பேச்சு மரபு இத்தகைய அடையாளங்களைக் கொண்டே பதத்தைக் கற்பித்தது. அச்சு அவற்றைக் கைவிட்டுக் கரண்டிக் கணக்கைப் பற்றிக்கொண்டது.

இது ஏன் நிகழ்ந்தது என்பதற்கு வரலாறு ஓரளவு விடை தருகின்றது. சமையலுக்கு நூல் உண்டு என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படையிலே நல்லியக்கோடனின் விருந்தைக் கூறுமிடத்து, வீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட மடைநூலின் நெறி பிழையாது ஆக்கப்பட்ட உணவு பற்றிய குறிப்பு வருகின்றது. ஆயின் அச்சு யுகத்திலே தமிழ்ச் சமையல் நூலுக்கு முன்மாதிரியாகிப் பல பதிப்புகளைக் கண்டது எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951இல் அதன் முதற்பாகம் வெளிவந்தது. அது மரக்கறி உணவு நூல். முட்டைக்கு அங்கு இடமில்லை. அதன் தலைப்பிலுள்ள ‘பார்’ என்னும் சொல் கவனத்திற்குரியது: செய், செய்தபின் நீயே சோதி என்று அது வாசகியை முன்னிலைப்படுத்துகின்றது. பின்னாளைய குறிப்புகளின் ‘-வும்’ ஈற்று ஏவலிலே அந்த முன்னிலையும் மறைந்தது. செய்பவர் எவர் என்பதே தெரியாத வாக்கியங்கள் எஞ்சின. முட்டைக்கான அறிவுறுத்தல் வேறு வழியாக வந்தது. இலங்கையிலே 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூல் போன்ற ஆங்கில நூல்களும், வாடிவீடுகளின் காலைச் சாப்பாட்டு மேசைகளும் ஒம்லட்டுக்கு ஒரு மேல்நாட்டு வடிவத்தைக் கொடுத்தன. தமிழிற் பின்னர் எழுந்த குறிப்புகள் அவ்வடிவத்தின் பெயரைப் பெற்றனவேயன்றி அதன் செய்கையைப் பெறவில்லை.

தமிழகத்திலிருந்து வரும் குறிப்பை ஈழத்திலே வாசிக்கும்போது இடர் இன்னும் ஒரு மடங்கு கூடுகின்றது. துணுக்காயை எடுத்துக்கொள்ளலாம். ஏ-9 வீதியிலுள்ள மாங்குளத்திலிருந்து மேற்கே வெள்ளாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியிலே, மல்லாவியை அடுத்து, முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் புறத்தில் அமைந்துள்ள பிரதேசம் அது. வவுனிக்குளத்து நீரை நம்பிய வயல்களும் மாடும் கோழியும் உள்ள கமக்கார ஊர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. அங்கு ‘முட்டைப் பொரியல்’ என்றாலே ஒம்லட்தான். தமிழகத்திலே பொரியல் என்பது எண்ணெயில் வதக்கிய மரக்கறியைச் சுட்ட, முட்டைப் பொரியல் என்றால் கிண்டி உதிர்த்த முட்டை நினைவுக்கு வரும். ‘வெங்காயம்’ என்று மட்டும் குறிப்பு கூறுமாயின் வன்னி வாசகி சின்ன வெங்காயத்தை எடுப்பாள். எழுதியவர் கருதியது பம்பாய் வெங்காயமாக இருக்கலாம். ‘தவா’ என்பதற்குத் தாச்சி ஒத்துவருமா என்பது அவளே ஊகித்தறிய வேண்டியது. தட்டையான தவாவிலே பரந்து மெலியும் கலவை, குழிந்த தாச்சியின் நடுவிலே கூடித் தடிக்கும். உண்மையிலே பஞ்சுபோன்ற ஒம்லட்டுக்குத் தாச்சியே உகந்தது என்பதைக் குறிப்பு எழுதியவர் அறியார்.

முட்டையின் அளவு பற்றியோ குறிப்புகள் முற்றாகவே மௌனம் சாதிக்கின்றன. பண்ணை முட்டை 55 முதல் 60 கிராம் வரை நிறுக்கும். ஊர்க்கோழி முட்டை பெரும்பாலும் 40 கிராம் அளவிலேயே நிற்கும். ஆகவே ‘முட்டை மூன்று, பால் இரண்டு மேசைக்கரண்டி’ என்பதை ஊர்க்கோழி முட்டையோடு செய்பவர் உண்மையில் இரண்டு பண்ணை முட்டைக்கு அந்தப் பாலை ஊற்றுகின்றார். பாலாகட்டும் தண்ணீராகட்டும், அளவோடு சேர்ந்தால் முட்டைப் புரதத்தை ஐதாக்கி மென்மை தரும். மிஞ்சினால் நீர் கசியும். கசிந்த ஒம்லட்டைக் கண்டு தன் கைத்திறனையே நொந்துகொள்ளும் வாசகிக்கு, பிழை எண்ணிக்கையிலே கிடந்தது என்பது தெரிய வழியில்லை.

இனி, பஞ்சுத்தன்மை எவ்வாறு உண்டாகின்றது என்பதை ஒருமுறை வரிசைப்படுத்தி நோக்குதல் தகும். முழு முட்டையின் எடையில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீர். வெண்கருவை அடிக்கும்போது அதிலுள்ள புரதங்கள் முறுக்கவிழ்ந்து, உட்புகுந்த காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய சவ்வாகின்றன. நன்கு அடிக்கப்பட்ட வெண்கரு தன் பழைய கனவளவின் எட்டு மடங்குவரை எழவல்லது. மஞ்சட்கருவின் கொழுப்புச் சிறிது கலந்தாலும் இச்சவ்வு தளர்ந்துவிடும். ஆதலினாலேயே உயரமாக எழவேண்டிய ஒம்லட்டுக்கு இரண்டையும் பிரித்து அடித்துப் பின்னர் மெல்ல மடித்துச் சேர்க்கின்றனர். அடுப்பிலே சூடேறும்போது குமிழிக்குள் உள்ள காற்று தன் அளவில் ஏறத்தாழக் காற்பங்கே விரியும். மிகுதி எழுச்சி நீராவியினுடையது: ஒரு பங்கு நீர் ஆவியாகுமிடத்து ஏறத்தாழ 1,700 பங்கு இடம் கொள்ளும். காற்று வீட்டின் அறைகளைக் கட்டிக் கொடுக்கின்றது. நீராவி அவற்றை ஊதிப் பெருப்பிக்கின்றது. வெண்கரு 62 பாகை செல்சியசு அளவிலே இறுகத் தொடங்குகின்றது. மஞ்சட்கரு அதனிலும் சற்றுக் கூடிய வெப்பத்தில். சவ்வு இறுகுவதும் ஆவி எழுவதும் ஏறக்குறைய ஒரே வேளையில் நிகழவேண்டும். நெருப்பு மிஞ்சினால் அடி கருகி மேல் பச்சையாக நிற்கும். குறைந்தால் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்து கலவை மீண்டும் நீராகும்.

இவ்வளவையும் குறிப்பு விளக்க வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஆயின் இவற்றிலிருந்து பிறக்கும் சில நடைமுறைச் சொற்களையேனும் அது தந்திருக்கலாம். அடிக்கும் கோப்பையிலே எண்ணெய்ப் பசை இருத்தலாகாது. எண்ணெயை உறிஞ்சிய மண்சட்டியும், கொழுப்பை விடாத பிளாஸ்டிக்கும் இதற்கு உதவா, எனாமல் அல்லது சில்வர்க் கோப்பையே ஏற்றது. உப்பைத் தொடக்கத்திலே இட்டால் நுரை எழக் காலம் பிடிக்கும், எழுந்ததும் உறுதி குன்றும். இரண்டு துளி தேசிக்காய்ப்புளி நுரையை நிலைபெறச் செய்யும். அப்பச்சோடாவோ வேறு கதை. பல குறிப்புகள் அதனை ஓர் இரகசியம்போல ஓதுகின்றன. வெண்கரு, முட்டை பழசாக ஆகக் காரத்தன்மை மிகுவது, சோடாவும் காரம், தாக்கமுறுவதற்கு அங்கு அமிலம் இல்லை. எஞ்சுவது சவர்க்காரச் சுவைதான்.

முட்டையடிக்கும் கம்பிக் கருவி வன்னியின் எல்லா வீடுகளிலும் உண்டென எதிர்பார்க்க முடியாது. முள்ளுக்கரண்டி போதும், ஒரு பிடி தென்னை ஈர்க்கைச் சுத்தமாக்கி இறுக்கிக் கட்டினால் அதனினும் நன்று. கம்பிக் கருவி பரவுமுன் ஐரோப்பியச் சமையலறைகளிலும் பேர்ச் மரச் சுள்ளிக் கட்டே இவ்வேலையைச் செய்தது. செம்புக் கோப்பையில் அடித்த வெண்கரு உறுதியான நுரை தருவதன் காரணத்தை ஹரோல்ட் மக்கீயும் அவருடன் ஆராய்ந்தோரும் 1984இல் ‘நேச்சர்’ இதழிலே ஆராய்ந்தனர். பழைய வீடுகளிற் கிடக்கும் செம்புப் பாத்திரத்தை இதற்கென எடுக்க நினைப்பவர், அதன் உட்புறம் வெள்ளீயம் பூசியதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். பூசியிருந்தால் செம்பின் பயன் அங்கில்லை.

ஓட்டற் பதம் என்று உயர்த்திப் பேசப்படும் இந்த ஒம்லட்டின் புகழ்பெற்ற இருப்பிடம் பிரான்சின் மொன் சென் மிசேல். அங்கு அனெற் புலார் என்னும் பெண் 1888இல் தொடங்கிய விடுதி இன்றும் நுரை ததும்பும் ஒம்லட்டுக்குப் பெயர்போனது. முட்டையைச் செம்புக் கோப்பையிலே தாளம் தப்பாது அடித்து, நீண்ட பிடியுள்ள தட்டிலே ஊற்றி, விறகு நெருப்பிலே வாட்டி எடுக்கின்றனர். அவருடைய இரகசியம் பற்றிப் பலவாறான ஊகங்கள் எழுந்தன. கிறீம் சேர்க்கிறார் என்றும், தனி இனக் கோழி வளர்க்கிறார் என்றும். 1922இல் ஒருவர் எழுதிக் கேட்டபோது அவர் அளித்த விடையிலே இரகசியம் ஏதுமில்லை: நல்ல முட்டையை உடைத்து, நன்றாக அடித்து, நல்ல வெண்ணெயிட்டு, ஊற்றியபின் இடைவிடாது ஆட்டிக்கொண்டிருப்பதாகவே அவர் கூறினார். இக்கடிதத்தை எலிசபெத் டேவிட் 1960இல் வெளியான தமது பிரெஞ்சு மாகாணச் சமையல் நூலிலே எடுத்துக்காட்டினார். அக்கடிதத்திலும் பொருட்கள் இரண்டே, எஞ்சியவை வினைகள். உலகப் புகழ்பெற்ற ‘உணவகப் பதம்’ விறகடுப்பிலே பிறந்தது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. வாயு அடுப்பும் ஒட்டாத் தாச்சியும் இன்றி இது கூடாது என்னும் பாவனையிலே எழுதப்படும் குறிப்புகள் வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துகின்றன.

விறகடுப்பின் குறை என்னவெனில் சூடு கீழிருந்து மட்டும் வருவது. பிரித்தடித்த ஒம்லட் தடிப்பமானது. அடி வெந்து மேல் வேகாது. பெரிய உணவகங்களிலே தட்டை அப்படியே மேலிருந்து சூடு தரும் அடுப்பின்கீழ் ஒரு நிமிடம் வைத்து இதனைத் தீர்க்கின்றனர். வீட்டுக்கான குறிப்பு இவ்விடத்திலே ‘திருப்பிப் போடவும்’ என்கிறது. திருப்பினால் தன் பாரத்தாலேயே நுரை நசுங்கும், பஞ்சு போயிற்று. ஆனால் இலங்கை அடுக்களை இச்சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டது. பழைய முறையிலே அப்பஞ் சுடுவோர் சட்டியின் மூடிமேல் தணலைப் பரப்புவர். மேலும் கீழும் நெருப்பு, நடுவிலே அப்பம் என்பது சிங்களப் பேச்சிலே உவமையாகவே நிலைத்துவிட்டது. அப்பத்தின் நடுப்பகுதி பஞ்சாகவும் ஓரம் மொறுமொறுப்பாகவும் வருவதற்கு மாவின் புளிப்போடு அத்தணலும் காரணம். அதே மூடி, அதே சிரட்டைத் தணல் ஒம்லட்டுக்கும் பொருந்தும். தாச்சியை மிதமான சூட்டில் வைத்து, எண்ணெயோ நெய்யோ இட்டு, நுரையை ஊற்றி, முன்கூட்டியே சூடாக்கிய இரும்பு மூடியால் மூடி, மேலே ஒரு சிரட்டையளவு தணலைப் பரப்பினால் இரண்டு மூன்று நிமிடத்திலே மேற்புறம் இறுகிப் பொன்னிறம் கொள்ளும். திருப்ப வேண்டியதில்லை; மடித்து இறக்கினாற் போதும். வெங்காயத்தையும் மிளகாயையும் முதலிலே தனியாக வதக்கி, மடிக்கும்போது நடுவில் இடல் வேண்டும். நுரையோடு சேர்த்தால் அவற்றின் பாரமும் நீரும் அதனை அமுக்கிவிடும்.

இவ்வாறு கூறுவது விறகடுப்பைப் போற்றிப் பாடுவதற்கன்று. புகையிலே கண் கலங்கி, நெஞ்சு அடைத்து அடுப்பு ஊதியவர்களுக்கு வாயு அடுப்பு ஒரு விடுதலை. அதுவன்றி, வன்னியின் அடுப்பு அமைதியான மரபின் சின்னமாகத் தொடர்ந்து எரிந்ததுமன்று. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை எரிபொருள் முதலாகப் பலவற்றை வன்னிக்கு அரிதாக்கிற்று. 1996இல் கிளிநொச்சி நகரம் பெயர்ந்தபின் துணுக்காய், மல்லாவிப் பகுதி இடம்பெயர்ந்தோரால் நிரம்பிற்று. ஒரு வளவுக்குள் பல குடும்பங்களின் அடுப்புகள் எரிந்தன. 2002இல் தடை நீங்கிப் பாதை திறந்தது. 2008இல் அவ்வூர்களே கிழக்கு நோக்கிப் பெயர்ந்தன. 2009ஆம் ஆண்டின் இறுதியில் முகாம்களிலிருந்து திரும்பத் தொடங்கியவர்களுட் பலர் தாச்சி, அகப்பை முதற்கொண்டு யாவற்றையும் புதிதாகத் தேடவேண்டியிருந்தது. அடுப்பு மூன்று கல்லாகவே பலமுறை மீண்டும் தொடங்கியது. அம்மூன்று கல்லின் முன் குந்தியிருந்தவர்களுக்கு மேலும் கீழும் தணலிடும் அறிவு கைவசம் இருந்தது. அவர்களை நோக்கி எழுதப்படும் குறிப்போ அவர்களிடம் இல்லாதவற்றையே பட்டியலிட்டது.

‘ஓட்டல்’ என்பதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வன்னி வீதியோரச் சாப்பாட்டுக்கடையிலே கிடைக்கும் ஒம்லட் பஞ்சுபோன்றதன்று. குவளையிலே வெங்காயம், மிளகாய், முட்டை சேர்த்துக் கரண்டியால் வேகமாக அடித்து, கொத்துரொட்டித் தகட்டிலே எண்ணெய் மிதக்க ஊற்றி, ஓரம் முறுகியதும் மடித்து இடியப்பத்தின்மேலோ பாணின்மேலோ வைப்பர். அதற்கென ஓர் அழகுண்டு. முறுகிய ஓரமும், அரைவேக்காட்டு வெங்காயத்தின் இனிப்பும், பச்சை மிளகாயின் உறைப்பும் சேர்ந்த அந்த முட்டைப் பொரியலைப் பஞ்சு இல்லை என்பதற்காகக் குறைத்து மதிப்பது, வெண்பாவின் இலக்கணத்தைக் கொண்டு நாட்டார் பாடலை அளப்பதை ஒக்கும். மேல்நாட்டிலும் உணவகப் பஞ்சு எப்போதும் முட்டையின் பஞ்சன்று. அமெரிக்காவின் ஐஹொப் உணவகங்கள் தமது ஒம்லட்டிலே பான்கேக் மாக்கலவை சேர்ப்பதை மறைப்பதில்லை. பாற்பானம் அடிக்கும் இயந்திரத்திலே முட்டையை நுரைக்க அடிக்கும் கடைகளும் அங்குண்டு. மாவும் மின்சாரமும் தரும் உப்பலை, ஒரு முள்ளுக்கரண்டியோடு இருக்கும் பெண்ணுக்கு இலக்காகக் காட்டிவிட்டு அம்மாவையும் மின்சாரத்தையும் சொல்லாமல் விடுவது குறிப்பெழுத்தின் சிறிய மோசடிகளுள் ஒன்று.

பெரிய மௌனம் வேறோரிடத்தில் உள்ளது. ஒம்லட் எழுந்த நிலையிலே நிற்பது சில நிமிடங்கள்தான். அடுப்பிலிருந்து இறக்கியதும் ஆவி குளிர்ந்து நீராகின்றது, காற்று சுருங்குகின்றது, சுவர்கள் தாழ்கின்றன. எவர் செய்தாலும் இதற்கு விலக்கில்லை. ஆகவே பஞ்சுபோன்ற ஒம்லட் என்பது ஓர் உணவாயிருப்பதனினும் ஒரு கால ஒழுங்காயிருப்பதே கூடுதல். உணவகத்திலே அந்த ஒழுங்கைக் கூலி கொடுத்து அமைத்துள்ளனர்: ஒருவர் அடிக்கின்றார், ஒருவர் அடுப்பில் நிற்கின்றார், ஒருவர் ஏந்தி ஓடுகின்றார்; உண்பவர் கைகழுவி அமர்ந்து காத்திருக்கின்றார். அங்கு உண்பவர் ஒம்லட்டுக்காகக் காத்திருக்கின்றார். வீட்டிலே ஒம்லட் உண்பவருக்காகக் காத்திருக்கின்றது. பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளை சப்பாத்தைத் தேடுகின்றது. வயலுக்குப் போகிறவர் இன்னும் கிணற்றடியில் நிற்கின்றார். அடித்தவளும் சுட்டவளும் ஏந்தியவளும் ஒருத்தியே. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர்கள் வந்து அமரும்போது நுரை தாழ்ந்துவிடுகின்றது. கடையில் சாப்பிட்டது போல் இல்லை என்ற சொல் அப்போது எழுகின்றது. அச்சொல்லை ஏற்றுக்கொண்டே அவள் அடுத்த குறிப்பைத் தேடுகின்றாள். அதிலே இன்னொரு பொருள், இன்னொரு கரண்டி அளவு இருக்கும். உழைப்புப் பிரிவினையால் வந்த ஒரு வேறுபாட்டைக் கைத்திறனின் குறையாக மொழிபெயர்த்துக் கொடுப்பதே இவ்வெழுத்து வகை செய்யும் கருத்தியற் பணி எனலாம்.

‘சூடாகப் பரிமாறவும்’ என்னும் இறுதி வாக்கியம் இந்நோக்கிலே மீண்டும் வாசிக்கப்பட வேண்டியது. யார் பரிமாறுவது, யாருக்கு என்பன அதில் இல்லை. எழுவாயற்ற அவ்வாக்கியத்தை எழுதிய கையும் அதனை இயல்பாக வாசித்துச் செல்லும் கண்ணும் ஒரே வழக்கத்திற்குப் பழகியவை. குறிப்பு வேறுவிதமாகவும் எழுதப்படலாம். உண்பவர் அமர்ந்தபின்னரே வெண்கருவை அடிக்கத் தொடங்கு என்று அது கூறலாம். தணலைப் பரப்பும் வேலையை ஒரு பிள்ளையிடம் கொடு என்றும் கூறலாம். இவை சமையலுக்குப் புறம்பான அறிவுரைகளல்ல. நுரையின் ஆயுளை அறிந்தவர் எழுதக்கூடிய செய்முறைக் குறிப்புகளே இவை.

தலைப்பின் கீழே பெரும்பாலும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும்: நான்கு பேருக்கு. ஒரு தாச்சியிலே ஒரு முறைக்கு ஒன்றுதான் சுடலாம். நான்கையும் சுட்டு முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடமாவது செல்லும். அதற்குள் கோப்பையின் அடியிலே வெண்கரு நீர்விடத் தொடங்கிவிடும். முதலாவது உயர்ந்து எழும், இரண்டாவது சற்றுத் தாழும், மூன்றாவது தட்டையாகும். நான்காவதாகத் தாச்சியில் விழுவது கோப்பையை வழித்தெடுத்த நீர்த்த கலவை. அதற்குள் மூடிமேலிருந்த தணலும் சாம்பலாகியிருக்கும். அந்த நான்காவது ஒம்லட்டை எப்படிச் சுடுவது என்று எந்தக் குறிப்பும் சொல்வதில்லை. அதை உண்பவள் எழுந்து நின்றபடியே, அடுப்படியில் வைத்து உண்கின்றாள்.